ஆர்லிஸ் கெய்தரின் முதுகு

போலீஸ் வண்டி தெருமுனையில் மூக்கை நீட்டியதும் ஆர்லிஸ் கெய்தர் திரும்பி நின்றுகொள்வார். ஐஸ் சீவும் இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். கோப்பை பாதிதான் நிறைந்திருக்கும். வாங்க வந்த குழந்தை நாக்கைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும். அதெல்லாம் பிறகு. மூன்று ஆள் எடையுள்ள அந்த மனிதர் ஒரே சுற்றில் திரும்பி, பள்ளிக்கூடக் கரும்பலகை அகலத்துக்கு இருக்கும் முதுகைத் தெருவுக்குக் கொடுப்பார். முதுகில் ஆரஞ்சு நிறப் பனியன். அதில் ‘சுடாதே’ என்று வெள்ளை எழுத்து. ஆகவே போலீசார் முதலில் படிப்பது அதைத்தான்.

வண்டியிலிருந்து சார்ஜென்ட் டெனீஸ் லுட்விக் இறங்குவார். விளக்குமாற்றுக் குச்சிக்குச் சீருடை மாட்டியது போன்ற பெண்மணி. வெயிலில் மூக்கு மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். அவர் ஆர்லிஸிடம் பேசமாட்டார். தள்ளுவண்டியில் தொங்கும் சுவைகளின் பட்டியல் பலகையிடம் பேசுவார். அதுவும் வரிசையில் கடைசியாக நிற்பவனுக்கும் கேட்கும்படி.

“பலகை, நல்லா கேட்டுக்கோ. ஆஷ்பி தெருவுல ரெண்டு பேரு இடுப்புல சாமானோட திரியறதாக் காதுல விழுந்துச்சு. எவனாவது சுட்டான்னு வையி, சுட்டவன் கதவை மட்டும் தட்ட மாட்டோம். அவன் கூட்டத்துல அத்தனை பேரு கதவையும் தட்டுவோம். கீழ வச்சிட்டு வர்றவனுக்கு வேலை இருக்கு, படிப்பு இருக்கு, ஊரை விட்டுப் போகணும்னா அதுக்கும் ஆள் இருக்கு. அவ்ளோதான்.”

முதுகு ஒரே ஒரு கேள்வி கேட்கும். “பெரிசா, சின்னதா?”

“சின்னது. முட்டைக் கஸ்டர்ட்.”

கை மட்டும் பின்னால் வளைந்து வந்து கோப்பையைக் கொடுக்கும். வண்டி போன பிறகு ஆர்லிஸ் திரும்பி, விட்ட இடத்திலிருந்து அந்தக் குழந்தையின் கோப்பையை நிரப்புவார்.

அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்தின் அந்த மூலையில் இதுதான் ஏற்பாடு. மூன்று வருடங்களுக்கு முன் தேவாலயத்தின் நிலவறையில், போலீசும் பாஸ்டரும் பிள்ளைகளைப் புதைத்த தாய்மாரும் சிறையிலிருந்து திரும்பியவர்களும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்து, கோழி வறுவல் தீரும்வரை சண்டை போட்டு முடிவு செய்தது. போலீஸ் தனக்குத் தெரிந்ததைத் தெருவுக்குச் சொல்லும். தெரு போலீசுக்கு எதையும் சொல்லாது. ஆர்லிஸ் போன்றவர்கள் நடுவில் நின்று, துப்பாக்கி எடுக்கப் போகிறவனின் காதில் பேசுவார்கள். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும், மேட்டுக்கு ஏறாது. அதோடு, பேசுவதெல்லாம் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கப் பேச வேண்டும். நிழலில் ஒதுங்கிப் பேசுகிறவனுக்கு அந்தத் தெருக்களில் வேறு பெயர் இருக்கிறது: ஆள்காட்டி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது. சில சமயம் பெயரோடு ஆளும் போய்விடுவான்.

ஆர்லிஸும் ஒரு காலத்தில் ஆஷ்பி தெருப் பையன்தான். அப்போது கையில் ஐஸ் கரண்டி இல்லை, வேறு இருந்தது. அதற்காக வாலிபத்தில் பாதியைச் சிறையில் கழித்தார். உள்ளே போவதற்கு முன், பகைத் தெருவான கோல்வினைச் சேர்ந்த ஒருவன் சுட்ட குண்டு இன்னும் இடது தொடைக்குள் இருக்கிறது. எடுத்தால் ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். ஆர்லிஸ் அதைச் சும்மா குடியிருக்க விடுவதில்லை, வேலை வாங்குகிறார். காலையில் தொடையைத் தட்டிப் பார்த்து, “குண்டு குத்துது. இன்னைக்கு மழை” என்று தெருவுக்கே அறிவிப்பார். உடனே எதிர்வீட்டு மிஸ் லவீனியா துணிகளைக் கொண்டுவந்து வெயிலில் காயப்போடுவார். அந்தக் குண்டு இதுவரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் தவறுவதில் அது தவறியதே இல்லை. அந்த வகையில் நம்பகமானதுதான்.

அவர் விற்பது ஸ்னோபால். சீவிய ஐஸைக் கோப்பையில் குவித்து, வண்ணப் பாகு ஊற்றி, விரும்பினால் மேலே மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு போன்ற வெள்ளைப் பாகையும் இழுத்துவிட்டால் முடிந்தது வேலை. சுவைகளில் ‘வானநீலம்’ என்று ஒன்று உண்டு. அது எந்தப் பழத்தின் சுவை என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாக்கு மட்டும் சாயங்காலம்வரை நீலமாக இருக்கும். வண்டி நிற்பது ஆஷ்பியும் கோல்வினும் முட்டிக்கொள்ளும் மூலையில். இரண்டு தெருவுக்கும் ஒரே வரிசை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆரம்பித்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். சட்டைக்கடியில் எதையாவது சொருகிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால், “இடுப்புல கனம் இருந்தா வயித்துல ஐஸ் இறங்காது தம்பி. வீட்ல வச்சிட்டு வா, உன் எடத்தை நான் பிடிச்சு வைக்கிறேன்” என்பார். பிடித்தும் வைப்பார். அந்த இடத்தில் ஒரு வாளியை நிறுத்துவார். வாளிக்கு முன்னால் எவனும் போகக்கூடாது.

இன்னொரு பழக்கம் உண்டு. வெளியே சொல்லக்கூடாதது. கணக்கில் தேறிய பயல், அப்பா சிறையில் இருப்பதால் பிறந்தநாளை யாரும் கொண்டாடாத சிறுமி, இப்படி யாராவது வந்தால் மார்ஷ்மெல்லோவைக் கோப்பையின் அடியில் ஒளித்துவைத்து மேலே ஐஸைக் குவிப்பார். மேலே வைத்தால் அடுத்தவன் ‘எனக்கு?’ என்பானே! கேட்டால், “அடியில வெள்ளையா? ஐஸ் கெட்டுப் போயிருக்கும்” என்று முகத்தைச் சுளிப்பார். போலீசுக்கு மட்டும் அடியிலும் கிடையாது, மேலேயும் கிடையாது. போலீஸ் கோப்பையில் ஒரு சொட்டு இனாம் விழுந்தாலும் தெரு பேசும்.

இந்த ஜூலையில் தெரு பேசிவிட்டது. ஆனால் அதற்குக் காரணம் மார்ஷ்மெல்லோ இல்லை.

ஒரு திங்கட்கிழமை, கூடைப்பந்து மைதானத்தில், கோல்வின் தெரு கீனனின் கெண்டைக்காலில் ஒரு குண்டு பாய்ந்தது. ஆஷ்பி பக்கத்திலிருந்து வந்த குண்டு. கீனனின் அண்ணன் ஜெரெல், கோல்வின் பையன்கள் எவன் சொல்லுக்கு எழுந்து நிற்பார்களோ அவன். ஆஷ்பி பக்கத்தில் அதே மாதிரி ஒருவன் டூகன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெரெல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். ஆர்லிஸ் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டிலுமாக உட்கார்ந்தார்.

“வழி விடு அங்கிள். எனக்கு வேலை இருக்கு.”

“அந்த வேலைக்கு லீவு போடுறா. ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும். டூகனை உன் முன்னால நேர்ல கொண்டுவந்து நிறுத்துறேன். பேசு. திருப்தி இல்லைன்னா அப்புறம் என்னைக் கேளு.”

ஜெரெல் நடையை நிறுத்தினான். “வேற எவன் சொல்லியிருந்தாலும் தள்ளிட்டுப் போயிருப்பேன். நீ போலீஸ் பக்கம் வாயே தொறக்காத ஆளு. அதுக்காகத்தான் பொறுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்.”

டூகனும் அதே காரணத்தைச் சொல்லித்தான் வர ஒப்புக்கொண்டான். ஆக, இரண்டு தெருவின் துப்பாக்கிகளும் ஆர்லிஸின் மூடிய வாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை பூங்காவில், தெருக்காரர்களுக்குப் போலீசாரின் கோடை விருந்து. புதிதாக வந்திருந்த கேப்டன் ப்ரூஸ்டர் நல்ல மனிதர். எல்லாத் தொல்லையும் நல்ல மனிதர்களால்தானே வருகிறது! அவருக்கு முன் இருந்தவர் போகும்போது அலுவலகச் சாவிகளை ஒப்படைத்தார், காப்பி இயந்திரத்தை எங்கே தட்டினால் வேலை செய்யும் என்று சொன்னார், இந்த முதுகு விஷயத்தை மட்டும் சொல்லாமல் போய்விட்டார். கேப்டன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“ஆர்லிஸ் கெய்தர் எங்க இருக்காரு? மேடைக்கு வாங்க! காவல் துறைக்கு இவர் செஞ்ச விலை மதிக்க முடியாத உதவிக்காக!”

கையில் பளபளவென்று ஒரு கேடயம். தேக்கு நிறப் பலகையில் பித்தளைத் தகடு. அந்தப் பக்கம் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்த லுட்விக், இடுக்கியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, “வேண்டாம்! கேப்டன், வேண்டாம்!” என்று ஓடி வந்தார். ஏதோ உற்சாகம் என்று கூட்டம் நினைத்தது. இரண்டு காவலர்கள் ஆர்லிஸை அன்போடு மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் ஆர்லிஸ் முதுகைக் காட்டினார். கேப்டன் அதைக் கூச்சம் என்று நினைத்து முதுகையே கட்டிக்கொண்டார். படம் எடுத்தார்கள்.

பூங்காவில் மெல்லுகிற சத்தம் நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், சத்தமாகக்கூட இல்லை, வந்தது: “ஆள்காட்டி.”

சனிக்கிழமை தெருவே வெந்தது. ஸ்னோபாலுக்கென்றே செய்த வெயில். வரிசையில் வாளி மட்டும் நின்றது. ஐஸ் கட்டி வேர்த்து வேர்த்துச் சிறுத்தது. ஆர்லிஸ் ஜெரெலை அலைபேசியில் அழைத்தார், எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் மிஸ் லவீனியா மட்டும் வந்து ஒரு சின்னது வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“ஜெரெல் வீட்ல காலைலேருந்து பசங்க கூடறாங்க ஆர்லிஸ். ஒரு சிரிப்புச் சத்தம் கேக்கல. பசங்க கூடுன எடத்துல சிரிப்பு இல்லைன்னா அது நல்லதுக்கு இல்ல.” பிறகு கேட்டார். “தொடை என்ன சொல்லுது?”

“நாளைக்கு நல்ல வெயில்னு சொல்லுது.”

“போச்சு” என்றார் மிஸ் லவீனியா.

ஆர்லிஸ் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தன்னை அடிப்பார்கள், சுடுவார்கள் என்பதெல்லாம் ஒரு பக்கம். அதற்குத் தொடையில் பழைய அனுபவம் இருக்கிறது. அவருக்குப் பயம் வேறு. நாளை மதியம் இந்த வரிசையில் நிற்க வேண்டிய பயல்களில் யார் யார் நிற்கமாட்டார்கள்? அதை நினைக்க நினைக்க ஒவ்வொரு முகமும் அதன் பாகு நிறத்தோடு வந்தது. ஸ்ட்ராபெரி, எலுமிச்சை, வானநீலம்.

அலைபேசியை எடுத்து, ஆயுளில் முதல்முறையாகக் காவல் நிலையத்தை அழைத்தார். நடுத்தெருவில் நின்று, முழுத் தொண்டையில். “கேப்டன்கிட்ட சொல்லுங்க! எனக்கு மரியாதை பண்ணாருல்ல, பதில் மரியாதை பண்ணணும். நாளைக்கு மதியம் என் வண்டிக்கு வரட்டும். சார்ஜென்ட்டையும் கூட்டிட்டு வரட்டும். வேற யாரும் வேண்டாம்!”

அப்படியே கோல்வின் தெருவுக்குள் நடந்து, ஜெரெல் வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

“டேய்! ஆள்காட்டியை அடிக்கிறதுன்னா அடிங்க. அதுக்கு முன்னாடி அவன் எதைக் காட்டிக் குடுத்தான்னு கேக்க வேண்டாமா? நாளைக்கு மதியம் போலீஸ் வாயாலயே கேளுங்க. கேட்டுட்டு அடிங்கடா!”

ஜன்னல் திறக்கவில்லை. ஆனால் திரைச்சீலை அசைந்தது. ஆஷ்பி தெருவிலும் டூகன் வீட்டு வாசலில் அதையே கத்தினார். தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்து, தன் சரக்கிலேயே ஒரு பெரிய ஸ்னோபால் போட்டுச் சாப்பிட்டார்.

ஞாயிறு மதியம் வானம் மூடியிருந்தது. இந்தப் பக்க நடைபாதையில் கோல்வின், அந்தப் பக்க நடைபாதையில் ஆஷ்பி. ஜூலை மாதத்தில் எல்லோரும் தடித்த மேல்சட்டை போட்டுக்கொண்டு, கைகளைப் பைக்குள் வைத்திருந்தார்கள். குளிரடிக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். கீனன் ஊன்றுகோலோடு அண்ணன் பக்கத்தில். நடுவில் ஆர்லிஸ். வண்டி சரிவில் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லைக் காலால் சரிசெய்துகொண்டார். கேடயம் வண்டிமேல் எல்லோரும் பார்க்க நின்றது.

லுட்விக்கோடு போலீஸ் வண்டியில் வந்து, கேப்டன் சிரிப்போடு இறங்கினார். “ஆஹா, நல்ல கூட்டமா இருக்கே! எனக்கு அந்த நீலம் ஒண்ணு.”

ஆர்லிஸ் கொடுத்தார். கேப்டன் ஆசையாக வழித்துச் சாப்பிட்டார். ஆர்லிஸ் முதுகைத் திருப்பவில்லை. முகத்துக்கு நேராகக் கேட்டார்.

“கேப்டன், நான் உங்களுக்கு என்ன உதவி செஞ்சேன்? சத்தமாச் சொல்லுங்க.”

“அடக்கத்தைப் பாருங்க!” கேப்டன் இரண்டு நடைபாதைகளையும் பார்த்துக் கையை விரித்தார். “எவ்வளவோ! எல்லாத்தையும் இங்க வெளிப்படையாச் சொல்ல முடியுமா?”

இதைவிடக் கெட்ட பதிலை யோசித்துச் சொல்வதற்கு ஒரு வாரம் ஆகும். கோல்வின் பக்கம் ஒரு கை பையிலிருந்து பாதி வெளியே வந்தது. ஆஷ்பி பக்கம் டூகன் ஓர் அடி முன்னால் வைத்தான். ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“உதவியா?” என்று ஒரு கீச்சுக் குரல் வெடித்தது. லுட்விக்கின் மூக்கு கருஞ்சிவப்பாகியிருந்தது. “இந்தாளா? கேப்டன், நீங்க வந்து ஒரு மாசம் ஆகல. நான் மூணு வருஷமா இந்த முதுகோட குடும்பம் நடத்துறேன்! பேக்கரிக் கண்ணாடியை உடைச்சது யாருய்யான்னு கேட்டேன். ‘பெரிசா, சின்னதா’ங்கிறாரு. என் ஜீப்போட சக்கர மூடி நாலையும் எவனோ கழட்டிட்டுப் போனான். எங்க? இதோ, இந்த வண்டிக்கு நேர் எதிர்ல! இவரு ஐஸ் சீவிட்டே பாத்திருக்காரு! எவன்னு கேட்டா, ‘பெரிசா, சின்னதா’! ஒரு நாளு மணி கேட்டேன். வெறும் மணி! என் வாட்ச் நின்னு போச்சு! அதுக்கும் ‘பெரிசா, சின்னதா’! என்னை விட்டுட்டு ஓடிப்போன புருஷன்கூட வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுறான். விலை மதிக்க முடியாத உதவியாம்! எனக்கு மூணு வருஷத்துல இவருகிட்டேருந்து கெடைச்சது பல்லுக் கூச்சம் மட்டும்தான்!”

சக்கர மூடி என்றதும் ஆஷ்பி பக்கம் ஒருவன் தன் காலணியை மிகவும் அக்கறையோடு பார்க்க ஆரம்பித்திருந்தான். முதலில் சிரித்தது கீனன். சிரித்ததும் கால் வலித்து, “ஐயோ” என்று கத்தி, மறுபடி சிரித்தான். அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“அப்ப...” கேப்டன் குழம்பினார், “நான் எதுக்கு இவருக்கு விருது குடுத்தேன்?”

“அதைத்தான் கேக்கறேன்!” என்றார் லுட்விக்.

கேப்டனுக்கு அப்போதுதான் அந்த மேல்சட்டைகள் கண்ணில் பட்டன. தொப்பியைக் கழற்றினார். சிரிப்பு போய்விட்டது. “இவரு எங்ககிட்ட எதுவுமே சொன்னதில்ல. ஒரு பேருகூட. விசாரிக்காம மேடை ஏத்துனது என் தப்பு. உங்க எல்லாருகிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்.” மனதாரச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நாக்கு நீலமாக எட்டிப் பார்த்ததால் யாராலும் கோபப்பட முடியவில்லை.

லுட்விக் பலகையின் பக்கம் திரும்பினார். “பலகை, கேட்டுக்கோ. கீனனைச் சுட்டவன் அம்மாவையோ வக்கீலையோ பாஸ்டரையோ கூட்டிட்டுத் தானா வந்தான்னா, நாளைக்குப் பூரா நான் மேசையை விட்டு எந்திரிக்க மாட்டேன். வரலைன்னா செவ்வாய்க்கிழமை நானே வருவேன். பதிலுக்குச் சுடலாம்னு எவனாவது நெனைச்சா, அவன் வீட்டுக்கும் வருவேன்.” கேப்டனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெரெல் வண்டியருகே வந்தான். கேடயத்தை எடுத்துத் தகட்டைப் படித்தான். குனிந்து, செங்கல்லை உருவிப் போட்டுவிட்டு, கேடயத்தைக் குப்புறச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். வண்டியை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

“டூகன்” என்றான், திரும்பாமல். “வர்றியா?”

வண்டிக்குப் பின்னால் மூன்று பேரும் என்ன பேசினார்கள் என்று ஆர்லிஸைக் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். இடையில் ஒருமுறை ஜெரெல் அழுததாக மிஸ் லவீனியா சொல்கிறார். வெளியே வந்தபோது ஜெரெலுக்கும் டூகனுக்கும் நாக்கு நீலமாக இருந்தது. தடித்த சட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போய், கனத்தை வைத்துவிட்டு, சாதாரணப் பனியனோடு வந்தார்கள். ஒரே வரிசை. பாதி வரிசை போவதற்குள் மழை கொட்டியது. “வெயிலுன்னு சொன்னியே அங்கிள்!” என்று எல்லோரும் ஆர்லிஸின் தொடையைத் திட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வண்டி மூக்கை நீட்டியது. ஆர்லிஸ் திரும்பிக்கொண்டார்.

“பலகை” என்றார் லுட்விக். குரல் என்றைக்கும் போல உரக்கத்தான் இருந்தது. “நேத்து சாயங்காலம் ஒரு பையன் அவங்கம்மா கையைப் பிடிச்சிட்டு வந்தான். வக்கீலும் கூட வந்தாரு. துப்பாக்கி கெடைச்சிருச்சு. ரெண்டு தெருவுலயும் ஒரு சத்தம் இல்ல. அவனைப் போகச் சொன்னது யாருன்னு...” கொஞ்சம் நிறுத்தினார். “நான் கேக்க மாட்டேன்.”

“பெரிசா, சின்னதா?”

“சின்னது.”

கை பின்னால் வளைந்து வந்தது. லுட்விக் வாங்கிக்கொண்டு, வரிசைக்கு எதிரிலேயே போலீஸ் வண்டியில் சாய்ந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி சாப்பிட்டார். மஞ்சள் ஐஸ் கரைந்து குறைந்தது. கரண்டி அடியைத் தொட்டபோது, வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஏதோ இழுத்துக்கொண்டு வந்தது. லுட்விக் அதைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. சட்டென்று கரண்டியை வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டு, ஆர்லிஸைப் பார்த்தார்.

இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதுகு திரும்பவில்லை. ஆனால் ‘சுடாதே’ என்ற எழுத்து மட்டும் மேலும் கீழுமாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.